எண்பத்து நான்கு துளைகள்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் மட்டும் வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டு குமுளி ரோட்டில்.

கெபி வேலையைத் தொடங்கினேன். இனியும் தள்ள முடியாது. டிசம்பர் எட்டு, மாதா திருநாள் அன்று, கோயிலில் மாதா சுருபத்துக்குக் குகை போலக் கட்டிய புதுக் கெபி திறப்பு. அதன் முன்னால் தொங்கவிடக் கலர் கண்ணாடிச் சரங்கள். ஏழு சரம், சரத்துக்கு ஆறு கண்ணாடி. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. மொத்தம் எண்பத்து நான்கு.

செல்வமேரி எல்லாவற்றையும் இலை வடிவத்தில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, துளை வரவேண்டிய இடத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறாள். செப்டம்பரில் வைத்தது. இனி செ. என்றே எழுதுகிறேன். மனைவி பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை.

பார்க்கிறவர்களுக்கு இது எளிய வேலை. தட்டில் ரப்பர் ஷீட், அதன்மேல் கண்ணாடி, அது முங்கும் அளவு தண்ணீர். டிரில் மெஷினில் வைரத்தூள் ஒட்டிய மூன்று மில்லி பிட். முதலில் மெஷினைச் சாய்த்துப் பிறை போல ஒரு கீறல், பிறகு மெல்ல நிமிர்த்த வேண்டும். அழுத்தக் கூடாது. சூடேறினால் விரிசல். பிட் அடிப்பக்கத்தை நெருங்கும்போது சத்தம் மாறும். அங்கே நிறுத்தி, திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலிருந்து துளைக்க வேண்டும். விட்டால் செதில் பெயர்ந்துவிடும்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதேயில்லை. செ.வுக்குத்தான் கேட்கும். இரண்டு விரலால் கண்ணாடியை அமுக்கிக்கொண்டு, மறு கையில் சிரிஞ்ச் வைத்து, கண்ணாடித்தூளின் வெள்ளைக் குழம்பு விலகி இடம் தெரியத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பாள். சத்தம் மாறியதும் "ம்" என்பாள். நான் மெஷினைத் தூக்குவேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாக இதே. பிள்ளை இல்லை. இதுதான்.

இன்று துளைத்தது ஐந்து. உடைந்தது ஒன்று, மஞ்சள். நானே பிடித்து நானே தண்ணீர் ஊற்றி... முடியவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். வைகை அணைப் பக்கம் செ.வின் அப்பா, மாமா கல்லறைக்குப் போனேன். செ., அத்தை, மச்சான் எல்லோரும் இருந்தார்கள். செ. கல்லறைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் வைத்த மெழுகுதிரி காற்றில் அணைந்தது. யாரும் திரும்ப ஏற்றவில்லை. நானும்.

"சாப்ட்டுப் போங்க மாப்ள" என்றார் அத்தை. வேலை இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டேன்.

அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்பதை எழுத வேண்டும். இன்று இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது. ஈரத்துணி எல்லாம் வாடை.

யோசித்து ஒரு வழி: தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, கூரைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். சொட்டு சொட்டாகத் துளைமேல் விழுகிறது. கண்ணாடியைப் பிடிக்க இரண்டு மரக்கட்டை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல இருக்கிறது பார்க்க. ஆனால் வேலை நடக்கிறது. எட்டு கண்ணாடி. ஒன்றில் செதில்.

பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏந்தம்பி, செல்வி எப்ப வாரா? அவுக அப்பா முப்பது முடிஞ்சிருச்சுல்ல?"

"அத்தைக்கு ஒத்தாசையா இருக்கா அக்கா."

"இருக்கட்டும், இருக்கட்டும். பெத்தவுக போனா பொம்பளப் புள்ளைக்குப் பொறந்த ஊரே போன மாதிரி. கொழம்பு தரவா?"

கொடுத்தார். மீன் குழம்பு. நன்றாக இருந்தது. பொய் சொல்லி வாங்கின குழம்பு.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். நேற்று ஒன்றும் செய்யவில்லை. இன்றும் காலை முழுவதும் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 25. அதுவும் வியாழன். மேகமலை எஸ்டேட் பங்களா ஒன்றுக்கு ஜன்னல் தொங்கல்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னமனூரிலிருந்து ஜீப் மேலே ஏறும், அதில் அனுப்பியாக வேண்டும். நிறையத் துளை பாக்கி. காலையிலிருந்து இருவரும் பின்கொட்டகையில்.

பதினொரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தேன். அவள் போன் முன்னறையில் சார்ஜில். அடித்தது. மச்சான். எடுத்தேன்.

"மாப்ள, அப்பா செல்வியக் கேட்டுக்கிட்டே இருக்காக. மூச்சு ஒரு மாதிரி இருக்கு. ஒடனே கெளம்பச் சொல்லுங்க."

"சரி மச்சான், கெளம்புறோம்" என்றேன்.

இந்த வருடமே ஏற்கெனவே மூன்று முறை இப்படி அழைப்பு வந்திருக்கிறது. மூன்று முறையும் போட்டது போட்டபடி ஓடினோம். மூன்று முறையும் மாமா கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், "எதுக்கு இம்புட்டுத் தொலவு வந்தீக" என்று சிரித்தார். அதனால் சாயங்காலம் போகலாம் என்று நினைத்தேன். ஜீப்பை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று. போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

கொட்டகைக்குத் திரும்பினேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே செ. கேட்டாள்: "யாரு போன்ல?"

"கேஸ்காரன்" என்றேன்.

"சிலிண்டர் இன்னைக்கா?"

"நாளைக்காம்."

சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிக்கொண்டாள். வேலை நடந்தது. அவள் "ம்" சொல்லச் சொல்ல நான் தூக்கினேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடித்தோம். சொல்லலாம் என்று உள்ளே போனேன். மச்சான் இன்னும் இரண்டு தடவை அழைத்திருந்தார். அந்த இரண்டையும் காலையில் வந்ததையும் அழித்தேன். ஏன் அழித்தேன்? அழிக்கும்போதே தெரிந்திருக்கிறது எனக்கு. அழித்து முடிப்பதற்குள் கையிலேயே மறுபடி அழைப்பு மின்னியது. மச்சான் மனைவி. அழுகை.

இங்கிருந்து அணைக்கு இரண்டு மணி நேரம். பதினொன்றுக்குக் கிளம்பியிருந்தால் ஒன்றரைக்குள் போயிருப்பாள். மாமா இறந்தது மூன்றே முக்காலுக்கு.

பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து, "திடீர்னு போய்ட்டாகளே, ஒரு வார்த்த யாரும் சொல்லலியே" என்று அழுதுகொண்டே வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கம்பத்திலிருந்து அணை வரை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் யதார்த்தமாகக் கேட்டார்: "அன்னைக்கிப் பதினோரு மணிக்கே சொன்னேனே மாப்ள, பஸ் கெடைக்கலையா?" கோபமாகக்கூட இல்லை.

செ. என் இலைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"கேஸ்காரன்னு சொன்னீக" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னது. கத்தவில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து மச்சான்தான் வந்தார். "நீங்க போங்க மாப்ள. இப்ப வேணாம்."

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்கிறார்கள். இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

பிட் தேய்ந்துவிட்டது. முனையில் வைரத்தூளே இல்லை, வெறும் இரும்பு. அதனால்தான் சூடேறுகிறது. தேனிக்குப் போனேன்.

கடைக்காரர்: "டைல்ஸுக்கா அண்ணே?"

"கண்ணாடிக்கு. மூணு மில்லி."

"பிட்டு இருக்கு. கண்ணாடிக்குப் பொறுமை வேணும்ண்ணே, அது நம்ம கடைல ஸ்டாக் இல்ல."

சிரித்தேன். சிரித்துப் பல நாள் ஆகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வாங்கியவை: பிட் நாலு. முகமூடி. ஸ்டீல் கம்பி ஒரு சுருள். இருமல் மருந்து. செ.வுக்கு ஹேர்பின் ஒரு அட்டை. (ஏன் வாங்கினேன்? வழக்கம்.)

பஸ் ஸ்டாண்டில் அணை வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள், "அவ மாமியாக்காரி சொன்னாளாம், ஒனக்கு இங்கன என்னடி கொறன்னு" என்று யாரையோ பற்றி. கண்டக்டர் விசிலை வாயில் வைத்ததும் இறங்கிவிட்டேன். "ஏறுறதும் எறங்குறதும் வெளையாட்டாப் போச்சு" என்றார். கம்பம் வண்டி பிடித்து வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பங்குத்தந்தை வாசலில் நிறுத்தினார். "ஆரோக்கியம், சரம் எப்ப கட்டலாம்?"

"இருபதாம் தேதிக்குள்ள பாதர்."

"தெறப்பு அன்னைக்கி ரெண்டு பேரும் முன்னால நிக்கணும். மாதிரி வரைஞ்சது செல்வமேரிதானே. அந்த நீலம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

நடுச்சரம் முழுக்க நீலம். பால் கலந்த நீலம், மதுரையில் தேடிப்பிடித்து அவள் வாங்கியது. அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். பிட் புதிது, கை பழகிவிட்டது என்று மதியம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டிருக்கக் கூடாது.

முதலாவது: துளை விழும் நேரத்தில் விளிம்பு வரை விரிசல். இரண்டாவது: நன்றாக வந்தது, திருப்பிப் போடும்போது பாதியாகப் பிளந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மூன்றாவது: தெரியவில்லை. வெறி மாதிரி. அழுத்தினேன்.

ஆறில் மூன்று போயிற்று. நேர்க்கோடு என்றால் நான் வெட்டுவேன். மஞ்சளை ஒருவாறு ஒப்பேற்றினேன். இந்த வளைவு எனக்கு வராது. நீலத்தில் மிச்சமிருப்பது இரண்டு கை அகலத்தில் ஒரே துண்டு. அதில் கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கட்டை விரலில் ரத்தம். தண்ணீர்த் தட்டில் வெள்ளையும் சிவப்பும்.

நவம்பர் 10, திங்கள்

மச்சானுக்குப் போன் செய்தேன். அவளிடம் பேசத் துணிவில்லை.

"மச்சான், கெபி வேலைல நீலக் கண்ணாடி மூணு ஒடஞ்சிருச்சு. அவதான் வெட்டணும். கண்ணாடியக் கொண்டுவந்து குடுத்தா அங்கனயே வெட்டித் தருவாளான்னு கேளுங்க."

"அவகிட்டக் கேட்டுச் சொல்றேன் மாப்ள." வைக்கப் போகும்போது, "ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார். என்மேல் கோபப்பட எல்லா உரிமையும் உள்ள மனிதர்.

நவம்பர் 12, புதன்

மச்சான் பேசினார். அவளே வருகிறாளாம், சனிக்கிழமை. மாதாவுக்கு ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடக் கூடாது என்றாளாம். வெட்டிக் கொடுத்துவிட்டு அன்றே திரும்பிவிடுவாளாம்.

அன்றே என்பதை இரண்டு முறை சொன்னார்.

மத்தியானம் கேஸ் சிலிண்டர் வந்தது. "கேஸ்!" என்று வாசலில் குரல். கதவைத் திறக்கச் சற்று நேரம் ஆயிற்று எனக்கு. கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்து, "காய்ச்சலா சார்?" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

நாளை.

கொட்டகையைக் கூட்டித் துடைத்தேன், தரையில் கண்ணாடித்தூள் இல்லாமல். அவள் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தேன். கட்டருக்கு எண்ணெய். அரிசி, கத்தரிக்காய், கருவாடு, தயிர். பன்னீர் திராட்சை அரைக் கிலோ. அவளுக்குப் பிடிக்கும். படுக்கை விரிப்பைத் துவைத்தேன். அன்றே போகிறவளுக்கு எதற்குப் படுக்கை விரிப்பு.

நவம்பர் 15, சனி

வந்தாள். போய்விட்டாள்.

நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்து மணிவாக்கில் மச்சான் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "உத்தமபாளையத்துல ஒரு சோலி. நாலு மணிக்கு வாரேன்" என்று போனார். இளைத்திருந்தாள். மணிக்கட்டில் மாமாவின் கைக்கடிகாரம், தொளதொளவென்று.

வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கொட்டகைக்கு. துளைத்து வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து, துளையின் வாயை விரல்நுனியால் தடவிப் பார்த்தாள்.

"இது செதில் விட்டுருக்கு."

"ஆமா."

"செதில் பின்பக்கம் வர்ற மாதிரிக் கட்டிருங்க. தெரியாது."

நீலத் துண்டை மேஜையில் வைத்து, மாதிரித் தாளைத் திருப்பித் திருப்பிப் பொருத்தினாள். கட்டர் ஒரே சீராக வளைந்து போயிற்று. குறட்டால் மெல்ல ஒடித்தாள். மூன்று வந்தது. மிச்சத்தில் இன்னொன்றுக்கு இடம் இருந்தது. அதையும் வெட்டினாள்.

"ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்" என்றாள். நான் உடைப்பேன் என்று அதற்கு அர்த்தம். குத்தலாகச் சொல்லவில்லை. தெரிந்தவள் சொல்வது போலச் சொன்னாள்.

விளிம்பு தேய்த்து முடித்ததும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. என் தொங்கும் பாட்டிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து சிரிஞ்சை எடுத்தாள்.

"மெஷின எடுங்க."

மூன்று கண்ணாடி, ஆறு துளை. அவள் விரல் கண்ணாடிமேல், என் கைக்கு அரை விரல்கடை தூரத்தில். ஆறு தடவை "ம்" என்றாள். ஆறும் சுத்தமாக வந்தது.

மெஷினை அணைத்தேன். அப்போதுதான் கேட்டேன். "செல்வி, என்னைய மன்னிச்சிரு."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க கெளம்புறோம்னு சொன்னத அண்ணன் அப்பாகிட்டச் சொல்லியிருக்கான். செல்வி பொறப்பட்டுட்டாப்பான்னு. அதுக்கப்பறம் ரோட்டுல பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் அப்பா 'தேனி பஸ்ஸா, தேனி பஸ்ஸா'ன்னு கேட்டாகளாம். அண்ணனும் எட்டிப்பாத்துட்டு வந்து, அடுத்த பஸ்ஸுப்பா, அடுத்த பஸ்ஸுப்பான்னு சொல்லியிருக்கான். நாலு பஸ் போயிருக்கு."

இது எனக்குத் தெரியாது. மாமா நினைவில்லாமல் கிடந்திருப்பார் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னைய ஏசு செல்வி. என்ன வேணும்னாலும் சொல்லு. கோவத்தோடயாச்சும் இங்கன இரு" என்றேன். அழுதேன். அவள் அழவில்லை.

"கோவம் இல்லைங்க. கோவமா இருந்தா வந்துருவேன்."

"பின்ன?"

யோசித்தாள். சரியான சொல்லைத் தேடுகிறவள் போல. "ஒங்ககிட்ட எதக் கேட்டாலும், நெசத்தத்தான் சொல்றாகளான்னு மனசு கேக்கும். கொழாய்ல தண்ணி வந்துச்சான்னு கேட்டாக்கூட. அப்படி ஒரு வீட்ல எப்படி இருக்கறது, சொல்லுங்க."

எழுந்து வீட்டுக்குள் போனேன்.

சோறு போட்டேன். சாப்பிட்டாள். "கருவாடு நல்லாருக்கு" என்றாள். தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள், விருந்துக்கு வந்தவள் போல. பீரோவிலிருந்து இரண்டு சேலையும் அவள் ஜெபமாலையும் எடுத்துக்கொண்டாள். திராட்சையை மறந்துவிட்டேன். அவள் போன பிறகுதான் பார்த்தேன்.

நாலுக்கு மச்சானின் ஹாரன். வாசல் வரை போனேன். "வாரேன்" என்று சொல்லவில்லை. "இருமல் இருக்கு, டாக்டரப் பாருங்க" என்றாள்.

பாத்திமா அக்கா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இனிக் கேட்கமாட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன். வெயில் நன்றாக அடித்தது. திராட்சையைப் பாத்திமா அக்காவிடம் கொடுத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மிச்சமெல்லாம் துளைத்தாயிற்று. பச்சை, சிவப்பு, மூன்று நீலம்.

ஒன்று நடந்தது. கடைசி நீலத்தில் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று வந்தது மெல்லிசாகி, லேசாக விசிலடிப்பது போல. தூக்கினேன். சரியான இடம். பதினான்கு வருடம் ஏன் கேட்கவில்லை? அவள் கேட்டுக்கொள்வாள் என்று நான் காது கொடுக்கவேயில்லை, அதுதான்.

சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. இனி இந்த வேலைக்கு இன்னொரு ஆள் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

கூடுதலாக வெட்டிக் கொடுத்த நீலம் அப்படியே இருக்கிறது. உடைக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சரங்களைக் கட்டிக் கெபியில் தொங்கவிட்டேன். கூட இரண்டு பேர் ஏணி பிடித்தார்கள். பங்குத்தந்தை கீழேயிருந்து, "கொஞ்சம் எடது, இன்னும் எடது, ஆங் போதும்."

மேகம் விலகி வெயில் வந்ததும் தரையில் நீலம் விழுந்தது. வெள்ளையடிக்கிறவர் தூரிகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "யாரு வேல இது?"

"என் வீட்டுக்காரி" என்றேன்.

"செல்வமேரி எங்க? ஒரு எட்டு வந்து பாக்கலாம்ல?" என்றார் பங்குத்தந்தை.

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று. விழுங்கினேன்.

"அவ எங்கூட இல்ல பாதர். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

என் தோளில் கை வைத்தார். ஏணி பிடித்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். கேட்கட்டும்.

நவம்பர் 24, திங்கள்

மறுபடி மழை. கூரையில் ஒழுகுகிறது, மெஷினை நகர்த்தி வைத்தேன். இருமலுக்கு டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடித்தூள்தானாம். முகமூடியைக் கழற்றக் கூடாது என்றார்.

காலையில் மச்சான் போன். செ. ஆண்டிபட்டியில் ஒரு தையல் கடையில் சேர்ந்திருக்கிறாளாம். அவள் தையல் மெஷினையும், பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டையும், ரேஷன் கார்டு ஜெராக்ஸையும் அனுப்பச் சொன்னாளாம். கண்ணாடிச் சாமான் எதுவும் வேண்டாமாம், நான் வைத்துக்கொள்ளலாமாம்.

மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தேன். பாபினில் பாதி நூல், பச்சை. அதை எடுக்கவில்லை. சாக்குச் சுற்றிக் கட்டினேன். நாளை காலை மினி லாரி.

"நானும் கூட வந்து எறக்கி வச்சுட்டு வரட்டுமா மச்சான்?" என்று கேட்டேன்.

"லாரிக்காரர் எறக்கிருவாரு மாப்ள" என்றார்.